பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்: ஆங்கில ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான ஆங்கில ஆசிரிய ஆலோசகர்களுக்கும், தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தயாரிப்பவர்களுக்கும், தரம் 6 முதல் 9 வரை ஆங்கிலம் கற்பிக்கும் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (மனிதப் பண்பேற்றம்), அலிட்டரேஷன் (மோனை போன்றது), ஓனொமட்டோபியா (ஒலிக்குறிப்பு), ஹைப்பர்போலி (மிகைக்கூற்று). இந்த ஆறு பெயர்களையும் எங்கள் பிள்ளைகள் தடுமாறாமல் ஒப்புவிக்கிறார்கள். ஒவ்வொன்றின் வரைவிலக்கணமும் அவர்களுடைய கொப்பியில் இருக்கிறது. ஆனால் முன்பின் பார்த்திராத சிறு கவிதையொன்றைக் கொடுத்து, இதில் எந்த வரி மனதில் தைத்தது, ஏன் என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலைகுனிந்து மேசையைப் பார்க்கிறது. இதை நான் பிள்ளைகளின் குறையாகக் கொள்ளவில்லை. பாடத்தை நாம்தான் தலைகீழாகத் தொடங்குகிறோம்.

உவமையும் உருவகமும் இவர்களுக்குப் புதியவை அல்ல. தமிழ்ப் பாடத்தில் படிக்கிறார்கள். அதற்கு முன்பே வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் காமன்கூத்துப் பாட்டிலும் விடுகதையிலும் இவை கொட்டிக் கிடக்கின்றன. அப்படியிருக்க, ஆங்கில வகுப்புக்குள் நுழைந்ததும் எதுவுமே தெரியாதவர்களைப் போல இவர்களை நடத்தி, வாயில் நுழையாத பெயரிலிருந்து பாடத்தை ஆரம்பிக்கிறோம். என் கோரிக்கை இதுதான்: பிள்ளை ஏற்கெனவே அறிந்த தமிழ் அணியின் வழியாக ஆங்கில அணியைக் கற்பிக்க இடம் கொடுங்கள். முதலில் வரி, பிறகு அந்த வரி செய்யும் வேலை, கடைசியில் பெயர். வினாத்தாளும் அதே வழியில் வரட்டும்.

ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவணைப் பரீட்சையொன்றில், சிமிலி ஒன்றைக் கொண்டு வாக்கியம் எழுதும்படி தரம் 7க்குக் கேட்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், 'த மிஸ்ட் கேம் டு அவர் டோர் லைக் எ கவ்' என்று எழுதியிருந்தான். மூடுபனி ஒரு பசுவைப் போல எங்கள் வாசலுக்கு வந்தது. மாலையில் மேய்ச்சல் முடித்து, அவசரமில்லாமல், தலையை ஆட்டிக்கொண்டு லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலுக்கு வந்து நிற்கும் பசுவைப் பார்த்த பிள்ளையால் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. அந்த வரியின் குறுக்கே சிவப்புக் கோடு போடப்பட்டிருந்தது. புள்ளியிடும் திட்டத்தில் இருந்தவை 'ஆஸ் வைட் ஆஸ் ஸ்னோ', 'ஆஸ் பிஸி ஆஸ் எ பீ' போன்ற பட்டியல் உவமைகள் மட்டுமே. நுவரெலியாப் பக்கம் சில ஆண்டுகளில் தை, மாசியில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அதற்கு மேல் ஸ்னோவை இந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. காணாத ஒன்றை எழுதியவனுக்குப் புள்ளி கிடைத்தது, கண்டதை எழுதியவனுக்குக் கிடைக்கவில்லை. திருத்தியவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுக்கப்பட்ட திட்டம் அப்படி.

அந்த வரி ஏன் நல்ல உவமை என்று எப்படி நிறுவுவது? அதற்கான அளவுகோல் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை எதன் அடிப்படையில் பிறக்கும் என்பதை நான்காக வகுக்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பு, பயனால் ஒப்பு, வடிவத்தால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. இந்த நான்கையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தால் போதும், தரம் 6 பிள்ளையும் எந்த ஆங்கில உவமையையும் சோதித்துப் பார்க்கும். பனியும் பசுவும் வினையால் ஒத்தவை. இரண்டும் மெதுவாக, சத்தமின்றி வருகின்றன. ஸ்னோவைப் போன்ற வெண்மை உருவால் வந்தது. மழையைப் போலக் கொடுக்கும் கை என்பது பயனால் வந்தது. 'இது எதனால் ஒத்தது?' என்ற ஒரே கேள்வி, வரைவிலக்கணம் செய்யாத வேலையைச் செய்துவிடுகிறது. பிள்ளை உவமையைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், அதை எடைபோடவும் தொடங்குகிறது.

வரைவிலக்கணத்தை மட்டும் நம்பிய பிள்ளை எங்கே விழுகிறது என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'லைக்' அல்லது 'ஆஸ்' வந்தால் சிமிலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆகவே 'ஐ லைக் டீ' என்பதன் கீழும் கோடு விழுகிறது. 'ஆஸ் வெல் ஆஸ்', 'ஆஸ் சூன் ஆஸ்' எல்லாம் சிமிலி ஆகிவிடுகின்றன. 'ஷி லுக்ஸ் லைக் ஹர் சிஸ்டர்' என்பதும் அப்படியே. கடைசி வாக்கியத்தில் உண்மையாகவே ஒப்பீடு இருக்கிறது. ஆனாலும் அது உவமை அணி ஆகாது. அக்காவும் தங்கையும் ஒரே இனம். மனிதரை மனிதரோடு ஒப்பிட்டுத் தகவல் சொல்கிறோம், அவ்வளவுதான். வேறு வேறு இனப் பொருள்கள் இரண்டைச் சேர்த்து, அவற்றுக்கிடையே எதிர்பாராத ஒற்றுமையைக் காட்டும்போதுதான் அணி பிறக்கிறது. இதைத் தமிழில் இரண்டு எடுத்துக்காட்டுகளோடு சொன்னால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். ஆங்கிலத்தில் மட்டும் சொன்னால் ஒரு தவணை கழிந்தும் விளங்குவதில்லை.

உருவகத்துக்கு விடுகதையைவிட நல்ல வாசல் கிடையாது. 'பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்துகள்' என்றால் வகுப்பே எழுந்து 'வெண்டைக்காய்' என்கிறது. வெண்டைக்காயைப் பெட்டி என்றே சொல்லிவிட்டோம், 'போல' இல்லை. பொருளை மறைத்துவிட்டு, எதுவாகப் பார்த்தோமோ அதை மட்டும் சொல்வது விடுகதை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் உருவகம்: 'த ஓக்ரா இஸ் எ கிரீன் பாக்ஸ் ஆஃப் பேர்ல்ஸ்'. தமிழ் வகுப்பில் 'மதிமுகம்' உவமைத்தொகை, 'முகமதி' உருவகம் என்று படித்த பிள்ளைக்கு இந்த இடத்தில் சட்டென்று விளக்கு எரியும். வீட்டிலிருந்து ஆளுக்கொரு விடுகதை கொண்டுவரச் சொல்லுங்கள். அப்பாயியிடமும் அம்மாயியிடமும் கேட்டு வருவார்கள். அவற்றை ஆங்கில உருவகங்களாக மாற்றும் வேலையிலேயே இரண்டு பாடவேளைகள் நிறைந்துவிடும். அந்த நேரமெல்லாம் அவர்கள் ஆங்கிலம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பெர்சானிஃபிகேஷனில் ஓர் எச்சரிக்கை தேவை. சிலர் இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று மொழிபெயர்த்து முடித்துவிடுகிறார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்பவை என்றாலும் ஒன்றல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவதை, வராதீர்கள் என்று கோவலனையும் கண்ணகியையும் கைகாட்டித் தடுப்பதாகப் புலவர் சொல்கிறார். இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சியின்மேல் தன் குறிப்பை ஏற்றுகிறார்; அது தற்குறிப்பேற்றம். ஆங்கிலத்தின் பெர்சானிஃபிகேஷனுக்கு இத்தனை தேவையில்லை. மனிதரல்லாத ஒன்றுக்கு மனிதச் செயலையோ உணர்வையோ கொடுத்தால் போதும். இறம்பொடை வளைவுகளில் ஏறும் பஸ் முனகியது என்றால் அதுவே பெர்சானிஃபிகேஷன். பஸ் நின்றது என்றால் அல்ல. நிற்பது பஸ்ஸுக்கும் உள்ள செயல். கொடியையும் பஸ்ஸையும் அடுத்தடுத்து வைத்துப் பேசும்போது பிள்ளைகள் இரண்டு அணிகளையும் பிரித்தறிகிறார்கள், தமிழ்ப் பரீட்சைக்கும் சேர்த்தே.

நான் அதிகம் பேச விரும்புவது ஒலியைப் பற்றி. எங்கள் பிள்ளைகள் மோனை கேட்டு வளர்ந்தவர்கள். அலிட்டரேஷன் அவர்களுக்கு மிக எளிதாக வரவேண்டியது. வருவதில்லை. காரணம் இரண்டு.

முதலாவது, எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். 'கேட்', 'சிட்டி' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அலிட்டரேஷன் என்கிறார்கள். 'கேட்', 'கிங்' இரண்டும் வேறு எழுத்துகள் என்பதால் இல்லை என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 'நைஃப்' என்ற சொல் 'கே' எழுத்தில் தொடங்கினாலும் 'நைஸ்' என்பதோடுதான் சேரும். தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றாகவே நடப்பதால், ஆங்கிலத்தில் அவை பிரியும் என்பதைப் பிள்ளை தானாக அறிய முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்: கண்ணை மூடு, காதால் கேள்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. பயிற்சிப் பட்டறைகளில் யாரும் இதைப் பேசக் கேட்டதில்லை. நம் யாப்பில் இன மோனை உண்டு. சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம். ஆகவே 'மவுண்டன்', 'வேலி' என்ற இரண்டையும் மோனை என்று சொல்லும் பிள்ளை தமிழ் மரபின்படி சரியாகவே சொல்கிறது. ஆங்கிலத்தில் அது செல்லாது. அதோடு தமிழ் எழுத்தில் 'பென்', 'பாக்ஸ்' இரண்டுக்கும் ஒரே பகரம். உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே ஒலியாகவே படும். என் வகுப்பில் தொண்டையில் விரலை வைத்து இரண்டு சொற்களையும் சொல்லச் சொல்கிறேன். 'பாக்ஸ்' தொடங்கும்போது தொண்டை அதிரும். 'பென்' தொடங்கும்போது அதிராது. உதட்டுக்கு முன்னால் பிடித்த உள்ளங்கையில் காற்று வந்து மோதும். இதைச் செய்து பார்த்த வகுப்பு பிறகு குழம்புவதில்லை. உச்சரிப்பும் கூடவே திருந்துகிறது.

எதுகையும் இதே வகைச் சிக்கல்தான். ரைம் எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் வரியின் தொடக்கத்தில் தேடுகிறார்கள், ஏனென்றால் எதுகை அங்கேதான் இருக்கும். ஆங்கிலத்தில் வரியின் கடைசியைப் பார்க்க வேண்டும். நம் இயைபுத் தொடையைப் போல. இயைபு என்ற பெயர் தமிழ் வகுப்பில் சொல்லப்பட்டு மறந்துபோன ஒன்று. ஆங்கில வகுப்பில் அதற்கு உயிர் வருவதைப் பார்த்துத் தமிழ் ஆசிரியர்களும் மகிழ்கிறார்கள்.

ஓனொமட்டோபியாவுக்குத் தகரக் கூரையில் விழும் மழையே போதும். சடசட, படபட, சலசல என்று இரட்டைக்கிளவிகள் கொட்டும்; அவற்றுக்கு எதிரே 'பிட்டர்-பேட்டர்', 'ஸ்ப்ளாஷ்', 'ஹிஸ்' என்று எழுதலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பளபள, மினுமினு, வழவழ ஆகியவையும் இரட்டைக்கிளவிகளே. ஆனால் அவற்றில் ஒலி இல்லை. முதலாவதும் இரண்டாவதும் கண்ணுக்கு, மூன்றாவது கைக்கு. இவற்றை ஓனொமட்டோபியா என்று எழுதவிடாதீர்கள். ஹைப்பர்போலியைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கிய தாய் 'கால் கழன்று விழுந்துவிட்டது' என்று சொல்வதை நாள்தோறும் கேட்கும் பிள்ளைக்கு, அது பொய்யல்ல, களைப்பின் அளவு என்பது தெரியும்.

இவையெல்லாம் ஒன்றுசேர்வது ஒரு முழுக் கவிதையில்தான். தரம் 8க்கு நான் எடுப்பது ஆல்ஃபிரட் டெனிசன் கழுகைப் பற்றி எழுதி 1851இல் வெளியான கவிதை. மொத்தம் ஆறே வரிகள். முதல் மூன்று வரிகளின் முடிவில் ஹேண்ட்ஸ், லேண்ட்ஸ், ஸ்டேண்ட்ஸ். அடுத்த மூன்றில் க்ரோல்ஸ், வோல்ஸ், ஃபோல்ஸ். இயைபு தெளிவாகக் கேட்கும். முதல் வரியிலேயே 'க்ளாஸ்ப்ஸ்', 'க்ராக்', 'க்ரூக்கெட்' என்று மூன்று சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. அந்தக் ககரம் மூன்று முறை இடிக்கும்போது பாறையைப் பற்றும் நகம் காதில் கேட்கிறது. அலிட்டரேஷன் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான விடையை நான் கண்டதில்லை. கழுகுக்கு நகம் என்று சொல்லாமல் கை என்கிறார், அங்கே பெர்சானிஃபிகேஷன். கடைசி வரியில் அது இடியேறு போல விழுகிறது; அங்கே சிமிலி, தொல்காப்பியக் கணக்கில் வினை உவமை.

நான்காம் வரியில் கடல் வருகிறது. சுருங்கிய கடல் கழுகுக்குக் கீழே ஊர்கிறது என்கிறார். கடலையே பார்த்திராத பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். இந்த வரியை எப்படி விளக்குவது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மிஸ், காசல்ரீத் தண்ணீரை மேல்மலையிலிருந்து பார்த்தால் எங்கள் அப்பாயியின் கை மாதிரிச் சுருக்கம் சுருக்கமாகத் தெரியும்" என்றாள். காற்று வீசும் நாளில் அந்த நீர்த்தேக்கத்தை உயரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் சொன்னது விளங்கும். பெரிய அலையும் உயரத்திலிருந்து வெறும் சுருக்கம்தான். கவிதையில் கழுகு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அந்த ஒரு சொல் சொல்கிறது. மலையில் பிறந்த பிள்ளைக்கு உயரத்திலிருந்து பார்ப்பது எப்படி என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவள் தமிழில் சொன்னாள். பிறகு நானும் வகுப்பும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதினோம். பாடசாலை ஆய்வுக்கு வருபவர்கள் அந்த ஐந்து நிமிடத் தமிழைக் குறையாக எழுதிவிட்டுப் போகக்கூடாது என்பதே என் கவலை.

ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்ற விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு வகுப்பு ஒன்றே இடம். அங்கும் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தால் மொழி எப்படி வரும்? நியாயமான கேள்வி. பாடவேளை முழுவதையும் தமிழில் நடத்தும்படி நான் கேட்கவில்லை. ஒரு வரி ஏன் அழகாக இருக்கிறது என்று யோசிக்கும் முதல் ஐந்து நிமிடத்தைப் பிள்ளையின் மொழிக்குக் கொடுங்கள் என்கிறேன். யோசனை பிறந்த பிறகு அதைச் சொல்ல ஆங்கிலச் சொற்களைப் பிள்ளையே கேட்டு வாங்கும். யோசனை பிறக்காத வகுப்பில் பாடவேளை முழுவதும் ஆங்கிலம் பேசுவது ஆசிரியர் மட்டுமே.

இரண்டு மொழியின் காதுகளும் ஒருவரிடமே இருக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையில் எழுதியவர் அவர். மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. அவருடைய ஆங்கிலத்துக்கு அந்தப் பாடல்கள் தடையாக இருக்கவில்லை. நம் மாணவர்களில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. ஆங்கில வகுப்பில் சொல்லப்பட வேண்டிய முதல் பெயர்களில் ஒன்று அது என்று நான் நினைக்கிறேன்.

இனி, உங்களால் செய்யக்கூடியவை. தரம் 6, 7 வினாத்தாள்களில் பெயரையும் வரைவிலக்கணத்தையும் பொருத்தும் வினாவை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக நான்கு வரிகளைக் கொடுத்து, எதை எதனோடு ஒப்பிட்டிருக்கிறது, எதனால் என்று கேளுங்கள். பெயர் தவறினாலும் காரணம் சரியென்றால் புள்ளி கிடைக்கட்டும். மாணவர் சொந்தமாக எழுதும் உவமைகளுக்குப் புள்ளியிடும் திட்டத்தில் தெளிவாக இடம் வையுங்கள்; பட்டியலில் இல்லை என்பதற்காக எந்த வரியும் அடிபடக்கூடாது. தரம் 8, 9 வரும்போது பெயர்களைக் கட்டாயமாக்குங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. தரம் 10இல் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்க வழியிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் அதை எடுக்கும் பிள்ளைகள் அரிது. இலக்கியம் என்றால் பெயர்ப்பட்டியல் என்ற பயம் தரம் 7லேயே உள்ளே போய்விடுகிறது. பிறகு வெளியே வருவதில்லை.

ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளுக்குத் தமிழ் ஆசிரியர்களையும் அழையுங்கள். இன மோனையையும் இயைபையும் எங்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஆங்கில ஒலிகளை நாங்கள் சொல்வோம். ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தும் இந்தப் பேச்சு எங்களுக்குள் நடப்பதில்லை, ஏனென்றால் யாரும் எங்களைச் சேர்த்து உட்கார வைத்ததில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் இப்போது பயிலும் இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே இந்த வாய்ப்புக் கிடைத்தால், வகுப்புக்கு வரும்போது வினை, பயன், மெய், உரு நான்கையும் கையோடு கொண்டுவருவார்கள்.

இந்த முறையில் தரம் 6 முதல் 9 வரைக்கும் நான் வகுப்பில் பயன்படுத்தும் வினாக்கள் என்னிடம் இருக்கின்றன. அடுத்த தவணை வினாத்தாள் தயாரிக்கக் கூடும்போது கேட்டால் எழுதி அனுப்புகிறேன். அழைத்தால் நேரில் வந்து விளக்குகிறேன். அந்தக் கூட்டத்துக்கு என்னோடு எங்கள் பாடசாலைத் தமிழ் ஆசிரியரும் வருவதற்கு அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மலையகப் பாடசாலையொன்றின் ஆங்கில ஆசிரியை